கோஷியனில் ஒலித்த கொரியப் பாடல்: மலையகப் பாடசாலைகளுக்கு ஒரு கேள்வி

2024 ஓகஸ்ட் 23 ஆம் திகதி ஜப்பானின் கோஷியன் மைதானத்தில் கொரிய மொழியில் ஒரு பாடசாலைக் கீதம் ஒலித்தது. ஜப்பானின் உயர்நிலைப் பாடசாலைகளுக்கிடையிலான கோடைகால பேஸ்போல் தொடரின் இறுதிப்போட்டியில், டோக்கியோவின் கந்தோ தாய்இச்சி பாடசாலையை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தி கியோட்டோ சர்வதேச உயர்நிலைப் பாடசாலை சம்பியனானது. ஒன்பது இனிங்ஸ் முடிவில் இரு அணிகளும் ஓட்டம் எதுவும் பெறவில்லை. பத்தாவது இனிங்ஸில்தான் முடிவு கிடைத்தது. வெற்றி பெற்ற அணி வரிசையில் நின்று தன் பாடசாலைக் கீதத்தைப் பாடுவது கோஷியன் மரபு. அந்தப் பாடல் கொரிய மொழியில் இருந்தது. தேசியத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாகியது.

3,400 க்கும் அதிகமான பாடசாலைகள் மாவட்ட மட்டத்தில் மோதி, 49 பாடசாலைகள் மட்டும் எஞ்சும் தொடர் அது. 1915 இல் ஆரம்பமானது. கோஷியன் மைதானம் திறக்கப்பட்டது 1924 இல். அதன் நூறாவது ஆண்டில் கிண்ணத்தை வென்ற பாடசாலையில் மொத்தமாகவே சுமார் 160 மாணவர்கள்தான் இருந்தார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒரு நடுத்தரத் தோட்டப் பாடசாலையின் அளவு.

பேஸ்போல் மலையகத்தில் எவரும் விளையாடாத விளையாட்டு. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு கடையில் போய்க் கேட்டால் அந்தப் பந்தோ கையுறையோ கிடைக்காது. அப்படியிருந்தும் இந்தச் செய்தியை நாம் கூர்ந்து படிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் விளையாட்டு அல்ல. அந்தப் பாடசாலை யாருடையது என்பதும், அது எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதும்தான்.

இரண்டு சமூகங்கள், ஒரே கதை

ஜப்பானில் வாழும் கொரியர்களின் முன்னோர்கள் பெரும்பாலும் 1910 முதல் 1945 வரையான காலனித்துவ ஆட்சிக் காலத்தில் அங்கு போனவர்கள். சிலர் பிழைப்புத் தேடிப் போனார்கள், சிலர் போர்க்காலத்தில் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சுரங்கம், தொழிற்சாலை, பாதை அமைப்பு, அணைக்கட்டு என்று அந்த நாட்டின் கடினமான வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. போர் முடிந்ததும் பெரும்பாலானோர் திரும்பினார்கள். ஆறு இலட்சம் பேரளவில் அங்கேயே தங்கினார்கள். 1952 இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை ஒரேயடியாக இல்லாமல் போனது. வரி கட்டினார்கள், உழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஆனால் அந்நியர்.

1948 இன் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தையும், மறு வருடம் பறிபோன வாக்குரிமையையும் அறிந்த எவருக்கும் இந்தக் கதை புதிதல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வருவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாடசாலைகளின் கதையிலும் ஒற்றுமை உண்டு. போருக்குப் பின் ஜப்பானியக் கொரியர்கள் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கச் சொந்தமாகப் பள்ளிக்கூடங்களை அமைத்தார்கள். 1948 இல் அவற்றை மூடுமாறு அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். கோபேயிலும் ஒசாகாவிலும் பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். அந்தக் கொந்தளிப்புக்கு முந்திய ஆண்டான 1947 இல் கியோட்டோவில் தொடங்கப்பட்ட கொரிய நடுநிலைப் பள்ளிதான் பின்னாளைய கியோட்டோ சர்வதேச உயர்நிலைப் பாடசாலை.

தோட்டப் பாடசாலைகளோ துரைமாரின் தயவில் கொட்டகைகளில் ஆரம்பித்தவை. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு.

0–34

கியோட்டோவின் அந்தப் பாடசாலை 1990களின் இறுதியில் மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. கொரியக் குடும்பங்கள் பிள்ளைகளை ஜப்பானியப் பாடசாலைகளுக்கே அனுப்பத் தொடங்கியிருந்தன. மாணவர் தொகையைக் காப்பாற்ற நிர்வாகம் எடுத்த முடிவுகளில் ஒன்று, 1999 இல் பேஸ்போல் அணியைத் தொடங்கியது. முதல் போட்டியில் கியோட்டோ செய்ஷோ பாடசாலையிடம் 0–34 என்று தோற்றார்கள்.

அந்த நாளில் எதிரணியில் விளையாடிய மாணவர்களில் ஒருவர் கொமாக்கி நொரித்சுகு. தான் அடித்து நொறுக்கிய அதே பாடசாலைக்குப் பின்னாளில் அவரே பயிற்றுநராக வந்து சேர்ந்தார். 2024 இல் கோஷியனில் அந்த அணியை வழிநடத்தியவரும் அவர்தான். ஓர் ஆசிரியர்-பயிற்றுநர் ஒரே பாடசாலையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தார். இந்த வரியை நம்முடைய வலயக் கல்விப் பணிமனைகள் இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

அந்தப் பாடசாலையின் மைதானம் ஒழுங்கான வடிவம் கூட இல்லாதது. வெளிக்களத்துக்கு உரிய தூரம் கிடையாது. ஓங்கி அடித்துப் பழக இடமில்லை. ஆகவே பந்தைத் தாழ்வாக, வேகமாக அடிக்கும் முறையையும், உட்களத் தடுப்பையும் அவர்கள் தம் பலமாக வளர்த்துக்கொண்டார்கள். தையல் பிரிந்த பந்துகளை ஒட்டும் நாடாவால் சுற்றிப் பயன்படுத்தினார்கள். இதைக் கேள்விப்பட்ட கொரியாவின் தொழில்முறை அணியான கியா டைகர்ஸ் அவர்களுக்குப் பந்துகள் அனுப்பியது. நம்முடைய பிரட்டுக்களத்தில் ரெனிஸ் பந்தோடு மென்பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த எவருக்கும் இந்த விவரம் புரியும். பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டமிழப்பு என்ற விதியை உருவாக்கியவர்கள் நாம். குறுகிய இடம் ஒரு விளையாட்டு முறையை உருவாக்கும். ஆனால் அந்த முறையை யாராவது கவனித்து, எழுதி, தொடர்ந்து பயிற்றுவித்தால்தான் அது பலமாகும். இல்லாவிட்டால் அது வெறும் நெருக்கடி.

0–34 இலிருந்து கிண்ணத்துக்கு வர 25 ஆண்டுகள் எடுத்தன. இடையில் பழைய மாணவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஷின் சுங்-ஹியுன் 2008 இல் ஜப்பானின் ஹிரோஷிமா கார்ப் அணிக்குத் தெரிவாகி, பின்னர் கொரியத் தொழில்முறைத் தொடரில் விளையாடினார். சோனே கைசெய், உவேனோ கியோஹெய், மொரிஷித்தா ரியூதாய் என்று மேலும் சிலர் ஜப்பானியத் தொழில்முறை அணிகளுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு பெயரும் அடுத்த தொகுதி மாணவர்களை அந்தச் சிறிய பாடசாலைக்கு இழுத்தது. 2021 இல் முதல் தடவையாகக் கோஷியன் போனார்கள். அதே ஆண்டு கோடையில் அரையிறுதி. மூன்று ஆண்டுகளில் கிண்ணம். வெற்றி என்பது கடைசி ஆண்டில் நடந்த அதிசயம் அல்ல என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

பாடலுக்கு எதிரான குரல்கள்

வெற்றியோடு வெறுப்பும் வந்தது. கொரிய மொழிக் கீதம் ஜப்பானின் தேசிய மேடையில் ஒலிப்பதை ஏற்க முடியாதவர்கள் சமூக ஊடகங்களில் அந்த மாணவர்களை இழிவுபடுத்தி எழுதினார்கள். பாடலில் வரும் ஒரு கடலின் பெயர்கூட இரு நாடுகளுக்கிடையே சர்ச்சைக்குரியது. கியோட்டோ மாகாண ஆளுநர் நிஷிவாக்கி தகாதோஷி வெறுப்புப் பதிவுகளைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆயினும் பாடல் நிறுத்தப்படவில்லை. விதி எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒன்று: வென்றவர் தம் கீதத்தைப் பாடுவர்.

இலங்கையில் 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தின நிகழ்வில் தேசிய கீதம் தமிழில் பாடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையும், 2020 இல் அது நிகழ்ச்சி நிரலிலிருந்து காணாமல் போனதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒரு சிறுபான்மையின் மொழி பொது மேடையில் ஒலிப்பது ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கும் வரை, அது உரிமையல்ல, சலுகை. கோஷியனில் அந்தப் பாடல் ஒலித்தது எவருடைய நல்ல மனத்தாலும் அல்ல, விதியால். இந்த வேறுபாடு விளையாட்டைவிடப் பெரியது.

கொண்டாட்டத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை

இந்தக் கதையை அப்படியே அள்ளிக்கொள்வதில் ஆபத்தும் உண்டு. கியோட்டோ சர்வதேசப் பாடசாலையின் இன்றைய மாணவர்களில் பெரும்பாலானோர் ஜப்பானியக் குடியுரிமை உடையவர்கள். பேஸ்போலுக்காகவும், கொரியக் கலாசாரத்தின் மீதுள்ள ஈர்ப்பினாலும் வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். 2004 இல் ‘சர்வதேச’ என்ற பெயரோடு ஜப்பானியக் கல்வி முறைமைக்குள் வந்த பிறகுதான் பாடசாலை நிலைத்தது. சமூகத்தின் பாடசாலை என்ற அடையாளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் அது உயிர் பிழைத்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரு அரசுகளிடமிருந்தும் அதற்கு நிதி கிடைத்தது என்பதும் முக்கியம். நன்கொடையையும் மனவுறுதியையும் மட்டும் வைத்து அது எழவில்லை.

இன்னொரு பழைய கதையும் உண்டு. 1931 இல் ஜப்பானின் காலனியாக இருந்த தாய்வானிலிருந்து கானோ எனப்படும் விவசாய, வனவியல் பாடசாலை கோஷியனுக்கு வந்தது. ஜப்பானியர், சீன வம்சாவளியினர், பழங்குடியினர் என மூன்று பிரிவு மாணவர்களும் ஒரே அணியில் விளையாடி இறுதிப்போட்டி வரை போனார்கள். சுக்கியோ பாடசாலையிடம் 0–4 எனத் தோற்றார்கள். அந்தப் பாடசாலையின் பழைய மாணவரான வூ போ பின்னாளில் தொழில்முறை வீரராகி, 1995 இல் ஜப்பானிய பேஸ்போல் மாண்பு மண்டபத்தில் இடம்பெற்றார். அழகான கதைதான். ஆனால் அந்தப் போட்டிக்கு ஓராண்டுக்கு முன்பு, 1930 ஒக்டோபரில், தாய்வானின் மலைப்பகுதியான வூஷேயில் பழங்குடி மக்களின் எழுச்சியைக் காலனித்துவ அரசு கொடூரமாக நசுக்கியிருந்தது. மூவினமும் ஒன்றாக விளையாடிய அணி, அந்த இரத்தத்தை மறைக்க ஆட்சிக்குக் கிடைத்த நல்ல படமாகவும் ஆனது.

மலையகத்திலும் அப்படி நடக்கலாம். ஒரு தோட்டத்துப் பிள்ளை பதக்கம் வென்றால் அமைச்சர்கள் மாலையோடு வருவார்கள், தோட்டக் கம்பனிகள் பதாகை கட்டும். அந்தப் பிள்ளை வளர்ந்த லயத்துக்கூரை மாறாமலே இருக்கும். ஆகவே விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, அது எதற்குப் பதிலாக என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். காணியுரிமைக்கும் சம்பளத்துக்கும் பதிலாக ஒரு கிண்ணம் என்றால் அது வேண்டாம். அவற்றோடு சேர்ந்து ஒரு மைதானம் என்றால் அது நம் உரிமை.

இரண்டு டயகம

இலங்கையில் பேஸ்போல் இல்லையென்று சொல்ல முடியாது. ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட மைதானம் ஹோமாகமவில் இருக்கிறது. 2019 இல் அங்கு நடந்த மேற்காசியக் கிண்ணத் தொடரில் இலங்கை, இறுதிப்போட்டியில் பாகிஸ்தானை வென்று சம்பியனானது. ஜப்பானில் பல்கலைக்கழகக் கல்வி கற்ற சுஜீவ விஜேநாயக்க என்ற இலங்கையர் கோஷியனில் நடுவராகவே நின்றிருக்கிறார். மூங்கில் தடியும் ரெனிஸ் பந்தும் கொண்டு ஆடும் எல்லே, பேஸ்போலுக்கு நெருங்கிய உறவு; எறிவதும் அடிப்பதும் ஓடுவதும் ஏறக்குறைய அதே கணக்கு. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் எல்லேக்கு இடமுண்டு.

ஹோமாகமவில் அந்த மைதானம் இருக்கும் இடத்தின் பெயர் தியகம. மலையகத்தவருக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது வேறோர் இடம்: அக்கரப்பத்தனைக்கு மேலே, மலையோடு ஒட்டிய டயகம தோட்டம். 2021 இல் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமியின் மரணத்தால்தான் அந்த டயகமவின் பெயரை நாடே கேட்டது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு இடங்கள். ஒன்றில் சர்வதேசத் தரத்தில் மைதானம். மற்றதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள். இந்தத் தீவின் விளையாட்டு வரைபடத்தை விளக்க வேறு புள்ளிவிபரம் தேவையில்லை.

மலையகத்தில் மைதானமே இல்லையென்பதும் சரியல்ல. டிக்கோயாவின் தரவளை மைதானமும், நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள றதல்ல மைதானமும் வெள்ளைக்காரத் துரைமார் தம் பொழுதுபோக்குக்காக அமைத்தவை. தேயிலை நட முடியாத அளவு செங்குத்தான சரிவில் மக்களுக்கு லயன் கட்டினார்கள். மலையில் கிடைத்த அரிதான சமதரையில் கிரிக்கெட் ஆடினார்கள். அந்தச் சமதரையை மண்வெட்டி கொண்டு நிரவியவர்கள் யார் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. இன்றும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, வேறு எங்காவது ஒரு மைதானத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

முரளி என்ற விதிவிலக்கு

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பெயர் பதிலாக வரும்: முத்தையா முரளிதரன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய 1920களில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் எடுத்தார். அந்த எண்ணிக்கையை உலகில் வேறெவரும் எட்டவில்லை. உண்மைதான். ஆனால் அந்த உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

முரளியின் தந்தை கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்தியவர். முரளி படித்தது கட்டுகஸ்தோட்டை சென். அந்தனீஸ் கல்லூரியில், கிரிக்கெட் மரபு ஆழமாக வேரூன்றிய, விடுதி வசதியுள்ள பாடசாலை. மிதவேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. திறமை முரளியுடையது. அந்தத் திறமையைக் கண்ட கண் பாடசாலையுடையது. அதே திறமையோடு ஒரு பையன் பொகவந்தலாவையில் ஒற்றை ஆசிரியர் பாடசாலையில் இருந்திருந்தால், அவனை யார் பார்த்திருப்பார்கள்?

நீண்டதூர ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் பெயர் பெற்ற மலையக வீரர் குமார் சண்முகேஸ்வரனை எடுத்துக்கொண்டாலும், அவருடைய விளையாட்டு வாழ்வைத் தாங்கியது இராணுவ விளையாட்டுப் பிரிவுதான். இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பாடசாலை முடித்த ஒரு மலையக வீரருக்கு இந்த நாட்டில் தொடர்ந்து பயிற்சியும் சாப்பாடும் மாதச் சம்பளமும் தரக்கூடிய இடம் முப்படையைத் தவிர வேறு அதிகமில்லை என்றால், படையில் சேர விரும்பாத பிள்ளைக்கு வழி என்ன?

தனிமனித விதிவிலக்குகள் ஒரு சமூகத்துக்குப் பெருமை தரும். ஆனால் அவற்றால் அடுத்த பிள்ளைக்குப் பாதை கிடைப்பதில்லை. கியோட்டோவில் முதலில் உருவானது பாதை. அதில் நடந்து பெயர்கள் பின்னர் வந்தன. நம்மிடம் பெயர் இருக்கிறது, பாதை இல்லை.

உயரம் என்ற சொத்து

கென்யாவின் மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரத்தில் இட்டென் என்ற சிறு நகரம் உள்ளது. அங்குள்ள சென். பற்றிக்ஸ் பாடசாலைக்கு 1976 இல் அயர்லாந்திலிருந்து புவியியல் கற்பிக்க வந்த கத்தோலிக்கத் துறவி கொல்ம் ஓ’கொனல், ஓட்டப் பயிற்சி பற்றி எதுவும் படிக்காதவர். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடசாலையின் பழைய மாணவரான பீற்றர் ரோனோ 1988 சோல் ஒலிம்பிக்கில் 1,500 மீற்றரில் தங்கம் வென்றார். மத்தியூ பிரிர் 1992 பார்சிலோனாவில் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம். அவர்களுக்குப் பிறகு அந்த ஊரே ஓட்டக்காரர்களின் ஊராயிற்று. கென்யாவின் அந்த மேட்டுநிலங்களும் தேயிலை விளையும் நிலங்கள்தான்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிள்ளைகள் தினமும் பாடசாலைக்கு ஏறி இறங்கும் தூரம் மற்ற ஊர்களில் பயிற்சித் திட்டமாக எழுதப்படும். ஆனால் உயரம் மட்டும் ஓட்டக்காரரை உருவாக்காது, சாப்பாடும் வேண்டும். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வரும் முன்பே போட்டியில் பின்தங்கிவிடுகிறது. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இந்தச் சம்பளத்தில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்க எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் கணக்குச் சொல்வாள். விளையாட்டைப் பற்றிய பேச்சு கடைசியில் சம்பளத்தில் வந்து நிற்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, மைதானம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 தனியார்மயத்தோடு கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு வந்தது. கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தேயிலை நிலம் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனியே பெரிய மைதானம் கேட்பது சாத்தியமில்லையென்றால், அயலிலுள்ள நான்கைந்து பாடசாலைகள் பகிரக்கூடிய ஒன்றை, பாடசாலையின் பெயரில் எழுத்துமூல உரித்தோடு கேட்கலாம். ‘துரையிடம் அனுமதி’ என்ற சொல் பாடசாலை நாட்குறிப்பிலிருந்து நீங்க வேண்டும். பழைய துரைமார் மைதானங்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் நிலையான நாட்களை ஒதுக்கச் செய்வது அதைவிடச் சுலபம்.

இரண்டாவது, ஆள். மலையகப் பாடசாலைகளில் விளையாட்டு ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் வேறொரு பாடத்துக்கு நியமிக்கப்பட்டு, மைதானத்துக்கும் அனுப்பப்படுபவர். கொஞ்சம் சூடு பிடிக்கும்போது இடமாற்றம் வந்துவிடும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் உடற்கல்வி ஆசிரியர்களைக் குறிப்பிட்ட சில பாடசாலைகளில் நீண்ட காலத்துக்கு நிலைநிறுத்தும் ஓர் ஒழுங்கு தேவை. பயிற்றுநர் மாறிக்கொண்டே இருக்கும் பாடசாலையில் மரபு உருவாகாது.

மூன்றாவது, ஒரு விளையாட்டைத் தேர்வது. எல்லாவற்றிலும் பங்குபற்றி எதிலும் நிற்காமல் திரும்புவது நம் பழக்கம். நீண்டதூர ஓட்டம், எல்லே, கரப்பந்தாட்டம், பெண்கள் காற்பந்து என்று செலவும் இடமும் குறைந்த ஏதாவது ஒன்றை ஒரு பாடசாலை தன் அடையாளமாக எடுத்து, பதினைந்து வருடங்கள் விடாமல் பிடித்திருக்க வேண்டும். முதல் வருடம் 0–34 ஆக இருந்தாலும்.

நான்காவது, பழைய மாணவர்கள். யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையில் 1904 இலிருந்து நடந்துவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ போரையும் புலம்பெயர்வையும் தாண்டி நிலைப்பதற்குக் காரணம், அந்த மூன்று நாட்களுக்காக உலகின் எங்கிருந்தும் வந்துசேரும் பழைய மாணவர்கள்தான். மலையகத்திலிருந்தும் இன்று வைத்தியர்கள், பொறியியலாளர்கள், விரிவுரையாளர்கள், வர்த்தகர்கள் வந்துவிட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருப்பவரும் வளைகுடாவில் வேலை செய்பவரும் ஏதோ ஒரு தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர்தான். அவர்களில் பலர் தாம் படித்த இடத்தின் பெயரைச் சொல்வதற்கே தயங்குகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நகரத்துக் கல்லூரியின் பெயரைச் சட்டைப்பையில் குத்திக்கொள்வது கௌரவமாகத் தெரிகிறது. தோட்டப் பாடசாலையின் பெயர் லயத்தை நினைவூட்டுகிறது. ஒரு பாடசாலை வெற்றி பெறும்போது மாறுவது இதுதான். கியோட்டோவில் எவரும் சேர விரும்பாதிருந்த ஒரு பெயர், நாடறிந்த பெயராயிற்று.

பழைய மாணவர் சங்கம் நுழைவாயில் கட்டி அதில் பெயர் பொறிப்பதைவிட, ஒரு பயிற்றுநருக்கு மாதாந்தம் ஒரு தொகையும், இருபது பிள்ளைகளுக்குப் பயிற்சி நாட்களில் ஒரு முட்டையும் பாலும் கொடுப்பது நீண்டகாலம் நிற்கும் வேலை.

இதற்கு ஓர் எதிர்வாதம் எழும் என்பது தெரியும். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று படிப்பால்தான் தோட்டத்தைவிட்டு மேலே வர முடிந்தது. இப்போது பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினால் அந்த ஏணியும் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு முதலில் தேவை அவர்கள்தான். ஆனால் உயர்தரம் வரை போகாமல் இடையில் நிற்கும் பிள்ளைகளை யார் கணக்கெடுக்கிறார்கள்? பதினைந்து வயதில் புடவைக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பிள்ளையைப் பாடசாலையில் இன்னும் இரண்டு வருடம் பிடித்துவைக்க ஒரு பந்தால் முடியுமென்றால், அந்தப் பந்தும் கல்விதான். கியோட்டோவில் அணி தொடங்கப்பட்டதும் கிண்ணத்துக்காக அல்ல, மாணவர் வரவுக்காக என்பதை மறக்கக்கூடாது.

மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர்கள் நடந்து வந்த பாதையை அவர்களின் சந்ததியினர் மறுபடி நடந்து காட்டினார்கள். அந்தப் பயணம் கேட்டது தயவை அல்ல. சமமான குடிமக்களாக அங்கீகரிக்கப்படுவதை. ஒரு தோட்டப் பாடசாலைக்கு உரித்துள்ள மைதானமும், நிலையான ஆசிரியரும், வயிறார உண்ட பிள்ளைகளும் இருப்பது அந்த அங்கீகாரத்தின் ஒரு பகுதி. அதைப் பெற்ற பிறகு ஒரு மலையகப் பாடசாலை தன் கீதத்தை எந்த மேடையில் பாடப்போகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.